பிலால் என்ற பெயருக்கு என்ன பொருள்?

11 பிப்ரவரி 2024 – வாசகர் கேள்வி

என் தங்கைக்கு ஏப்ரல் கடைசியில் பிரசவம். ஆண் பிள்ளை என்றால் பிலால் என்று வைக்க ஆசைப்படுகிறாள். அவளுடைய மாமி ஒப்பவில்லை. "பள்ளிவாசல் வேலைக்காரருடைய பெயரையா என் பேரனுக்கு வைப்பது?" என்கிறார். ஒரு பெயர்ப் புத்தகத்தில் பிலால் என்றால் 'வெற்றியாளன்' என்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் 'தாகம் தீர்ப்பவன்'. உறவினர் ஒருவர் 'கறுப்பன்' என்று அடித்துச் சொல்கிறார். எது சரி? மாமியிடம் என்ன சொல்வது?

11 பிப்ரவரி, மாலை

வெற்றியாளன் என்பதை முதலில் தள்ளிவையுங்கள். அரபு அகராதிகளில் அந்தப் பொருளுக்கு இடமே கிடையாது. பெயர்ப் புத்தகம் போடுகிறவர்களுக்கு ஆண் பெயர் எல்லாம் வெற்றி, வீரம், சிங்கம் என்றுதான் முடிய வேண்டும்.

கறுப்பன் என்பதும் தவறு. முஹம்மது நபியின் தோழரும், தொழுகைக்கு அழைக்கும் பாங்கை முதன்முதலில் சொன்னவருமான பிலால் (ரலி) அவர்களின் கறுப்பு நிறத்தை எடுத்து அவருடைய பெயரின் மேல் ஏற்றியிருக்கிறார்கள். கறுப்புக்கு அரபியில் அஸ்வத் என்ற தனிச்சொல் இருக்கிறது.

பிலால் என்பதன் வேர் பா, லாம், லாம். 'பல்ல' என்றால் நனைத்தான். 'பலல்' என்றால் ஈரம். தண்ணீரோ பாலோ, தொண்டையை நனைக்கிற எதுவும் 'பிலால்' என்று பழைய அகராதிகள் சொல்கின்றன. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு 'மப்லூல்' என்ற சொல் தெரிந்திருக்கும். துவைத்த துணி காயவில்லை என்றாலும், கழுவிய தரை உலரவில்லை என்றாலும் அங்கே அதைத்தான் சொல்வார்கள். சவூதியில் நான் இருந்த வருடங்களில் நாள்தோறும் காதில் விழுந்த சொல் அது. அதுவும் பிலாலும் ஒரே வேரில் முளைத்தவை என்று பின்னாளில் ஓர் ஆலிம் (மார்க்க அறிஞர்) சொல்லித் தெரிந்துகொண்டேன்.

11 பிப்ரவரி, இரவு

'தாகம் தீர்ப்பவன்' பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது கிட்டத்தட்டச் சரி. ஆனால் தீர்க்கிற ஆளைக் காட்டும் சொல்லாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நாவில் படுகிற அந்தத் தண்ணீரே பிலால். மழை காணாத மண்ணில் பிறந்த ஒரு சமூகம் தன் பிள்ளைக்கு இப்படிப் பெயர் வைக்கிறது என்றால் எவ்வளவு ஆசையோடு வைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நோயிலிருந்து தேறி எழுவதற்கும் இதே வினைச்சொல்லை அரபியர் பயன்படுத்தினார்கள்.

13 பிப்ரவரி

"வெறும் ஈரமா? இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வெறும் ஈரம் இல்லை, ஐயா.

நெருங்கிய உறவினர்களை எச்சரிக்குமாறு இறைவசனம் இறங்கியபோது நபி (ஸல்) அவர்கள் தம் குலமான குறைஷியின் ஒவ்வொரு கிளையாரையும், கடைசியில் மகள் ஃபாத்திமாவையும் அழைத்துப் பேசினார்கள். இறைவனிடத்தில் உங்களுக்காக என்னால் எதுவும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு, ஆனால் உங்களோடு எனக்கு இரத்த உறவு இருக்கிறது, அதை அதற்குரிய ஈரத்தால் நனைத்துக்கொண்டிருப்பேன் என்றார்கள். முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. முஸ்லிம், புகாரி, அபூதாவூத் என்பவை நபிமொழிகளின் (ஹதீஸ்) தொகுப்பு நூல்கள். அந்த வாக்கில் வருகிற வினையும் பெயர்ச்சொல்லும் இந்த பா-லாம்-லாம் வேர்தான். உறவைப் பேணுவதை நனைத்தல் என்றும், முறித்துக்கொள்வதைக் காய்தல் என்றும் அரபியர் பேசினார்கள். ஒரு ஸலாம் சொல்லியாவது உங்கள் உறவுகளை நனைத்து வையுங்கள் என்று இன்னொரு அறிவிப்பும் இருக்கிறது.

தமிழருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நெஞ்சில் ஈரம் இல்லாதவன் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? வள்ளுவர் இன்சொல்லைப் பற்றிப் பேசும்போது 'ஈரம் அளைஇ' என்கிறார், அன்பு கலந்து என்ற பொருளில். இரண்டு மொழிகளும் ஒன்றிடம் ஒன்று கேட்டுக்கொண்டு இதைச் செய்யவில்லை. வெயில் காயும் நிலத்தில் வாழ்கிறவர்களுக்கு அன்பு என்றதும் நீர்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

மாமியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பேரனுக்கு ஈரம் என்று பெயர் வைப்பதில் என்ன குறை?

17 பிப்ரவரி

பிலால் என்பது ஹபஷி மொழிச் சொல், எத்தியோப்பியாவிலிருந்து அவரோடு வந்தது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. பிலாலின் பூர்வீகம்தான் ஹபஷா. அவர் பிறந்து வளர்ந்தது மக்காவில். பெயரும் சுத்தமான அரபிப் பெயர். அதே காலத்தில் முஸைனா கோத்திரத்து அரபியர் ஒருவருக்கும் இதே பெயர் இருந்தது. பிலால் இப்னுல் ஹாரிஸ் என்ற அந்த நபித்தோழருக்கு நபியவர்கள் கபலிய்யா பகுதிச் சுரங்கங்களை ஒதுக்கிக் கொடுத்தது ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது.

இங்கே சொல்ல வேண்டிய ஒரு வழக்கம் உண்டு. அந்தக் கால அரபியர் தங்கள் மகன்களுக்குக் கடுமையான பெயர்களை வைத்தார்கள்: ஹர்ப் (போர்), கல்ப் (நாய்), அஸத் (சிங்கம்). அடிமைகளுக்கோ காதுக்கு இனிய பெயர்கள். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, மகன்கள் பெயர் எதிரிகளுக்காக, அடிமைகள் பெயர் எங்களுக்காக என்று ஒரு பாலைவன அரபியர் பதில் சொன்னாராம். போர்க்களத்தில் எதிரி கேட்டு நடுங்க வேண்டிய பெயர் மகனுக்கு. வீட்டுக்குள் கூப்பிடும்போது மங்கலமாக ஒலிக்க வேண்டிய பெயர் வேலை செய்கிறவனுக்கு.

இப்போது அடிமையாக இருந்த பிலாலின் குடும்பத்தைப் பாருங்கள். தந்தை பெயர் ரபாஹ், அதாவது இலாபம். தாய் ஹமாமா, புறா. பிள்ளை பிலால், ஈரம். மூன்றும் எஜமானனின் காதுக்கு ஏற்ற பெயர்கள். பிற்பாடு நபியவர்கள், உங்கள் பணியாளுக்கு யஸார், ரபாஹ், நஜீஹ், அஃப்லஹ் என்று பெயரிடாதீர்கள் என்று தடுத்தார்கள். 'இலாபம் இருக்கிறதா?' என்று கேட்டு, அவர் வீட்டில் இல்லை என்றால் 'இல்லை' என்று பதில் சொல்ல நேரும் என்பது காரணம். பிலாலுடைய தந்தையின் பெயர் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

18 பிப்ரவரி

ஈரானில் போய் பிலால் என்று எழுதிக் காட்டினால் மக்காச்சோளக் கதிரை நீட்டுவார்கள் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். உண்மைதான், சிரித்துவிட்டேன். பாரசீகத்தில் சோளக்கதிருக்குப் 'பலால்' என்று பெயர், எழுத்தும் அதே நான்கு எழுத்து. ஆள் பெயரை அவர்கள் 'பெலால்' என்று உச்சரிப்பார்கள். தெருவில் சுட்டு விற்கிற கதிருக்கும் நம் பெயருக்கும் குழப்பம் வராது.

24 பிப்ரவரி

அவருடைய வாழ்க்கையை எழுதுங்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். தெரிந்த கதைதான், ஆனாலும் பெயரோடு சேர்த்துப் பார்க்கும்போது சில இடங்களில் நின்று போக வேண்டியிருக்கிறது.

பிலாலின் எஜமானன், பனூ ஜுமஹ் குலத்து உமய்யா இப்னு கலஃப், மக்காவின் நடுப்பகல் வெயிலில் பிலாலை மணலில் மல்லாக்கக் கிடத்தி, மார்பின் மேல் பாறாங்கல்லை ஏற்றுவான். முஹம்மதை மறுத்துவிடு, இல்லையென்றால் இப்படியே சாவாய் என்பான். பிலாலின் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்: அஹத், அஹத். ஒருவன், ஒருவன். ஈரம் என்று பெயரிட்ட ஒருவரைச் சுடுமணலில் போட்டுக் காய வைத்திருக்கிறார்கள். நபியவர்களின் நெருங்கிய தோழர் அபூபக்ர் (ரலி) அவரை விலைக்கு வாங்கி விடுதலை செய்தார். பல ஆண்டுகள் கழித்து இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) சொன்னது புகாரியில் இருக்கிறது: அபூபக்ர் எங்கள் தலைவர், எங்கள் தலைவரை விடுவித்தவர். இரண்டாவதாகச் சொன்ன தலைவர் பிலால். சொன்ன உமரோ குறைஷிக் குலத்தவர்.

அடுத்தது பாங்கு. மதீனாவில் தொழுகைக்கு மக்களை எப்படி அழைப்பது என்று பேச்சு வந்தபோது கொம்பு ஊதலாம், மணி அடிக்கலாம் என்றெல்லாம் யோசனை சொன்னார்கள். அப்துல்லாஹ் இப்னு ஸைத் என்ற அன்ஸாரித் தோழர் (மதீனாவைச் சேர்ந்தவர்) கனவில் பாங்கின் வாசகங்களைக் கேட்டார். கனவு கண்டவர் அவர். ஆனால் நபியவர்கள் அவரிடம், பிலாலுக்குச் சொல்லிக் கொடும், அவர் உம்மைவிட 'அன்தா' குரல் உடையவர் என்றார்கள். நன்றாக எட்டுகிற, இனிமையான குரல் என்று இதற்கு விளக்கம் எழுதுகிறார்கள். அழைப்பு என்று பொருள்படும் 'நிதா' இந்த வேரில் வருவது. பனித்துளியைக் குறிக்கும் 'நதா'வும் இதே வேர். ஈரம் என்ற பெயர் கொண்டவரின் குரலைப் பற்றிச் சொல்ல அமைந்த சொல்லிலும் பனியின் ஈரம் இருக்கிறது. இது தற்செயலாகவே இருக்கட்டும், எனக்கு இந்த இடத்தைக் கடந்து போக மனம் வருவதில்லை.

மினாரா அப்போது கிடையாது. பள்ளிவாசலை ஒட்டியிருந்த வீடுகளில் உயரமானது பனூ நஜ்ஜார் குலத்துப் பெண்மணி ஒருவருடைய வீடு. விடியலுக்கு முந்திய சஹர் நேரத்திலேயே பிலால் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கீழ்வானத்தைப் பார்த்தபடி காத்திருப்பார், வெளுத்ததும் எழுந்து பாங்கு சொல்வார் என்று அந்த வீட்டுப் பெண்மணியே சொன்னது அபூதாவூதில் வருகிறது.

25 பிப்ரவரி

நேற்று விட்டுப்போனது. மதீனாவுக்கு வந்த புதிதில் பிலாலுக்குக் கடுமையான காய்ச்சல். காய்ச்சல் தணியும்போதெல்லாம் குரலெடுத்து இரண்டு கவிதை அடிகளைப் பாடுவார் என்று நபியின் மனைவி ஆயிஷா (ரலி) சொல்லியிருக்கிறார். கருத்து இது: இத்கிர் புல்லும் ஜலீல் செடியும் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கில் இன்னோர் இரவு எனக்குக் கிடைக்குமா? மஜன்னாவின் நீர்நிலைகளில் ஒரு நாள் இறங்குவேனா? ஷாமா மலையும் தஃபீல் மலையும் என் கண்ணில் படுமா?

அவர் ஏங்கியது மக்காவுக்கு. மார்பில் கல் ஏற்றிய ஊர். அடிமை என்பதால் ஊர்ப்பற்று இருக்காது என்று நாம் நினைத்துவிடுகிறோம். அவருடைய மண்ணும் அதுதான். அந்த மண்ணை விட்டுத் துரத்தியவர்களை, உமய்யாவையும் சேர்த்து, பெயர் சொல்லிச் சபிக்கவும் செய்தார்.

2 மார்ச்

இப்போது மாமியின் பேச்சுக்கு வருகிறேன். அவர் இல்லாததைச் சொல்லவில்லை. நம் ஊர்களில் பாங்கு சொல்கிறவருக்கு மோதினார் என்று ஒரு பெயர், முஅத்தின் என்பதோடு ஆர் விகுதி சேர்ந்து வந்தது. இன்னொரு பெயர் பிலால். அரசாங்கத்தின் உலமாக்கள் நல வாரியப் பட்டியலில்கூட மோதினார்கள், பிலால்கள் என்று இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூரிலும் மலாய் மொழியில் இந்தப் பணியின் பெயர் பிலால்தான். பினாங்குத் தமிழர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு மனிதருடைய பெயர் ஒரு பணியின் பெயராகவே ஆகிவிட்டது. இதைவிடப் பெரிய மரியாதை ஒரு பெயருக்கு உண்டா? ஆனால் நாம் அந்தப் பணியை என்ன செய்து வைத்திருக்கிறோம்?

நான் வளர்ந்த ஊரில் பிலாலின் வேலை பாங்கோடு முடியாது. தொழ வருகிறவர்கள் கை கால் கழுவும் ஹவுளில் தண்ணீர் நிரப்ப வேண்டும். பாசி பிடித்தால் இறைத்துக் கழுவ வேண்டும். பாய் விரித்துச் சுருட்ட வேண்டும். மவுத்து (இறப்பு) என்றால் தெருத்தெருவாகப் போய்ச் சொல்ல வேண்டும், மய்யித்தைச் சுமக்கும் சந்தூக்கை எடுத்துக் கொடுக்க வேண்டும். நோன்பு மாதத்தில் கஞ்சிக் கொப்பரை அவர் தலையில். வீடு வீடாகச் சந்தா வசூலிப்பதும் அவர்தான், கேட்கிற வீட்டில் ஏச்சு வாங்குவதும் அவர்தான். சம்பளத்தை உயர்த்துங்கள் என்று ஒருமுறை அவர் கேட்டபோது, நிர்வாகத்தில் இருந்த ஒருவர் "வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வருகிறவர்கள் கொடுப்பார்களே" என்றார். அந்த வெட்கம் இன்றைக்கும் என்னைவிட்டுப் போகவில்லை. பள்ளிவாசலுக்குப் புது மினாரா கட்டப் பணம் திரட்டிக்கொண்டிருந்த சமயம் அது.

கல்யாண வீட்டில் சஹன் போடுவார்கள். நாலைந்து பேர் ஒரே தட்டில் சேர்ந்து உண்பது சமத்துவத்தின் அடையாளம் என்று நாமே பெருமையாகச் சொல்வோம். பிலால் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார், அல்லது வீட்டுக்குப் பொட்டலம் போகும். என் வாப்பா மட்டும் அவரைக் கையைப் பிடித்து முதல் பந்தியில் தன் சஹனில் உட்கார வைப்பார். "இவர் கூப்பிட்டுத்தானே நாம் எல்லாரும் வந்தோம்" என்பார். ஊர்ப் பெரியவர்களுக்கு அது பிடிக்காது.

ஆகவே மாமி அந்தப் பெயரில் கண்டது நம் ஜமாஅத்துகள் (பள்ளிவாசல் சமூகங்கள்) அதன் மேல் பூசி வைத்த தாழ்வை. அதை அவர் உண்டாக்கவில்லை. அவரிடம் கோபப்படாதீர்கள்.

3 மார்ச்

"எல்லா ஜமாஅத்தும் அப்படி இல்லை" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. உங்கள் ஊரில் பிலாலுக்கு வீடு கொடுத்திருக்கிறார்கள், பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்றிருக்கிறார்கள் என்றால் அதை விரிவாக எழுதுங்கள், மற்ற ஊர்கள் பார்த்துச் செய்யட்டும்.

9 மார்ச்

மாமிக்குச் சொல்ல இன்னும் வலுவான ஒன்று. பிலால் என்ற பெயரை அந்தக் காலத்துப் பெரிய வீட்டார் என்ன நினைத்தார்கள்? அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்த பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உமருடைய மகன் அப்துல்லாஹ், தன் மகன்களில் ஒருவருக்கு பிலால் என்று பெயரிட்டார். குறைஷிக் குலம், கலீஃபாவின் பேரன். இவர்தான் பெண்களைப் பள்ளிவாசலுக்குப் போகவிடாமல் தடுப்போம் என்று சொல்லித் தந்தையிடம் கடுமையாக ஏச்சு வாங்கியவர். நான் நபி சொன்னதைச் சொல்கிறேன், நீ தடுப்போம் என்கிறாயா என்று அப்துல்லாஹ் வெகுண்ட செய்தி முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. பெயர் வைத்தால் மட்டும் பிள்ளை அந்தப் பெயர்போல ஆகிவிடாது என்பதும் இதிலேயே தெரிகிறது.

உமய்யா வம்ச ஆட்சிக் காலத்துப் பெருங்கவிஞர் ஜரீர் தன் மகனுக்கு இதே பெயரை வைத்தார். நபித்தோழர் அபூ மூஸா அல்அஷ்அரியின் பேரன் பிலால் இப்னு அபீ புர்தா பஸ்ராவின் நீதிபதியாகவும் ஆளுநராகவும் இருந்தார். அவரைப் புகழ்ந்து துர்ரும்மா என்ற பாலைவனக் கவிஞர் ஓர் அடி பாடியிருக்கிறார். கவிஞருடைய பெண் ஒட்டகத்தின் பெயர் ஸைதஹ். மக்கள் எல்லாரும் மழை பெய்த இடம் தேடிப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், நீ பிலாலைத் தேடிப் போ என்று ஸைதஹிடம் சொன்னேன் என்கிறார். மேய்ச்சலுக்காக மழையைத் தேடிப் போகிற அரபியரின் வாழ்க்கை முழுவதும் அந்த ஓரடியில் வந்துவிடுகிறது. ஈரம் என்ற பெயர் இருந்ததால்தான் இந்தப் பாட்டே சாத்தியமாயிற்று.

15 மார்ச்

நோன்பு தொடங்கிவிட்டது. சஹர் நேரத்தில் ஒன்று ஞாபகம் வந்தது. பிலால் இரவிலேயே பாங்கு சொல்லிவிடுவார், ஆகவே இப்னு உம்மி மக்தூம் பாங்கு சொல்லும்வரை உண்ணுங்கள், பருகுங்கள் என்பது நபிமொழி. பிலாலின் பாங்கு தூங்குகிறவரை எழுப்ப. இப்னு உம்மி மக்தூமின் பாங்கு உணவை நிறுத்த. இப்னு உம்மி மக்தூம் பார்வையற்றவர். விடிந்துவிட்டது, விடிந்துவிட்டது என்று மற்றவர்கள் சொன்ன பிறகுதான் அவர் பாங்கு சொல்வார்.

மதீனா நகரம் முழுவதும் எப்போது எழுவது, எப்போது வாயை மூடுவது என்று முடிவு செய்தவர்கள் முன்னாள் அடிமை ஒருவரும் கண் தெரியாதவர் ஒருவரும். தொழுகை நேரம் வந்தால், பிலாலே, தொழுகையால் எங்களுக்கு ஆறுதல் தாருங்கள் என்று நபியவர்கள் கேட்பார்கள்.

28 மார்ச்

நேற்றும் இன்றும் பத்ர் போரைப் பற்றிப் பயான்கள் (மார்க்க உரைகள்). அதைக் கேட்ட ஒரு கல்லூரி மாணவர், பத்ரில் உமய்யாவைப் பார்த்ததும் "இவன் தப்பினால் நான் பிழைத்திருக்க மாட்டேன்" என்று பிலால் கத்தினாரே, அது பழிவாங்கல் இல்லையா என்று கேட்டிருக்கிறார். உமய்யா அப்போது சரணடைந்து கைதியாக இருந்தான் என்பதும் உண்மை. எனக்கு அந்தச் செய்தியை மழுப்ப விருப்பமில்லை. பாறாங்கல்லுக்கு அடியில் கிடந்தவருக்குக் கோபம் வரக்கூடாது என்று நிழலில் உட்கார்ந்து நாம் எதிர்பார்க்கக் கூடாது. பொறுமையின் சின்னமாக மட்டும் பிலாலைக் காட்டுகிறவர்கள் அவரைப் பாதியாக்கிவிடுகிறார்கள்.

நிறம் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் "குழந்தை கறுப்பாகப் பிறந்தால் இந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்வார்கள்" என்று மாமி தரப்பில் இன்னொரு காரணம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஹிஜ்ரி 8இல், 630ஆம் ஆண்டு, மக்கா வசமான அன்று நபியவர்கள் பிலாலைக் கஅபாவின் மேல் ஏறிப் பாங்கு சொல்லச் சொன்னார்கள். கீழே நின்ற மக்காவின் பிரமுகர்கள் சிலர், இந்தக் கறுப்புக் காகத்தைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று முணுமுணுத்ததை விரிவுரையாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்களில் இறையச்சம் மிகுந்தவரே இறைவனிடத்தில் கண்ணியம் மிகுந்தவர் என்ற 49:13ஆம் வசனம் இறங்கிய சூழலாக இதைச் சொல்கிறவர்களும் உண்டு.

அபூதர் (ரலி) ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்தியபோது, உம்மிடம் இன்னும் அறியாமைக் காலம் இருக்கிறது என்று நபியவர்கள் கண்டித்தார்கள். அந்த ஒருவர் பிலால் என்று வேறு அறிவிப்புகள் சொல்கின்றன, புகாரியில் பெயர் இல்லை.

அந்த அறியாமைக் காலம் முடிந்துவிடவில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மேலாளர், எங்களோடு இருந்த சூடான்காரரை 'அப்த்' என்று கூப்பிடுவார். அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் என்று இறைவனோடு சேர்ந்தால் கண்ணியமான சொல். கறுப்பு மனிதரைப் பார்த்துத் தனியாகச் சொன்னால் அது அடிமை என்ற வசவு. அதே மேலாளர் பாங்கு கேட்டதும் வேலையை நிறுத்திவிட்டு முதல் ஆளாகத் தொழப் போவார். பெண் பார்க்கப் போன இடத்தில் "நிறம் கொஞ்சம் மட்டு" என்று சொல்கிற நம் வீடுகளும் அவரிடமிருந்து அதிக தூரத்தில் இல்லை. கறுத்த பிள்ளைக்கு பிலால் என்று பெயர் வையுங்கள். கேலி செய்தால் கஅபாவின் மேல் ஏறி நின்றவர் யார் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

31 மார்ச்

பயான்களில் வரும் இரண்டு கதைகளைப் பற்றிக் கேட்கிறார்கள்.

பிலாலுக்கு 'ஷீன்' உச்சரிப்பு வராது, 'ஸீன்' என்றே சொல்வார், இறைவனிடத்தில் அவருடைய ஸீன் ஷீனாகும் என்பது ஒன்று. கேட்கக் கண்ணீர் வரும். ஆனால் இதற்கு அடிப்படையே இல்லை என்று பழைய வரலாற்றறிஞர் இப்னு கஸீர் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் யோசித்தாலும் புரியும். மக்காவில் பிறந்தவர், குரலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கறுப்பர் என்றால் நாக்கு திருந்தாது என்ற எண்ணம் அந்தக் கதைக்குள் ஒளிந்திருக்கிறது. அன்பாகச் சொல்லப்படுவதால் அது நல்ல கதை ஆகிவிடாது.

இன்னொன்று, கனவு கண்டு ஷாமிலிருந்து (சிரியாப் பகுதி) மதீனாவுக்குத் திரும்பி வந்து பாங்கு சொன்னார், நகரமே அழுதது என்பது. அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் அறிஞர் தஹபீ எழுதியிருக்கிறார். நபியவர்கள் மறைந்த பிறகு பிலால் ஷாமுக்குப் போய்விட்டதும், உமர் அங்கே வந்தபோது கேட்டுக்கொண்டதன் பேரில் பாங்கு சொன்னதும், மக்கள் அழுததும் வரலாற்று நூல்களில் இருக்கின்றன. ஹிஜ்ரி 20ஐ ஒட்டி டமாஸ்கஸில் இறந்தார், பாபுஸ் ஸகீர் அடக்கஸ்தலத்தில் அடங்கியிருக்கிறார் என்பது பரவலான கருத்து. வேறு ஊர்களும் அவர் தங்களிடம் இருப்பதாகச் சொல்லிக்கொள்கின்றன.

13 ஏப்ரல்

பெருநாள் வேலைகளால் தாமதம். இந்தப் பெயர் கடல் தாண்டிப் போன கதையை எழுத வேண்டும் என்று முன்பே நினைத்திருந்தேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலிப் பேரரசை 13ஆம் நூற்றாண்டில் நிறுவிய சுன்ஜாத்தாவின் கெய்த்தா வம்சம், தங்கள் மூதாதை பிலாலி என்று பாடகர்கள் வழியாகச் சொல்லி வந்தது. அவர்கள் குறிப்பிடுவது பிலாலைத்தான். வம்சாவளி வரலாற்றுக்கு நிற்குமா என்பது வேறு பேச்சு. ஒரு பேரரசர் குலம் தன்னை ஓர் அடிமையின் வாரிசு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டதே போதும்.

மொரோக்கோவில் க்னாவா என்ற சமூகம். சகாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் தங்கள் ஆன்மிகத் தலைவராகக் கொள்வது சீதி பிலாலை. எஸ்ஸவீரா நகரில் அவர் பெயரில் ஸாவியா (ஆன்மிக மடம்) இருக்கிறது. அவர்களுடைய இசையை 2019இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

என்னை மிகவும் கலங்க வைப்பது அமெரிக்காவின் ஜார்ஜியா கடற்கரையில் உள்ள சபெலோ தீவு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு தோட்டத்தில் அடிமையாக இருந்தவர் பிலாலி முஹம்மது. இன்றைய கினியாவில் உள்ள திம்போ ஊர்க்காரர். அவர் அரபு எழுத்தில் 13 பக்கம் எழுதி விட்டுச் சென்றார். நாட்குறிப்பு என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1940இல் ஜோசப் கிரீன்பர்க் என்ற மொழியியலாளர் அது மாலிக்கி மத்ஹபின் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று) சட்டப் பகுதிகள் என்று எழுதினார். தொழுகைக்கு முன் கை கால் கழுவும் உளூ எப்படிச் செய்வது, பாங்கு எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. தாளும் மையும் எளிதில் கிடைக்காத இடத்தில், பாங்கு ஒலிக்க வழியில்லாத தீவில், சிறு வயதில் ஓதியதை நினைவிலிருந்து எழுதி வைத்திருக்கிறார் ஒரு பிலால்.

அதே நாட்டில் 1975இல் கறுப்பின முஸ்லிம்களின் தலைவர் வாரிஸ் தீன் முஹம்மது தன் இயக்கத்தின் செய்தித்தாளுக்கு 'பிலாலியன் நியூஸ்' என்று பெயர் மாற்றினார். கறுப்பின மக்கள் தங்களை பிலாலியர் என்று அழைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய எண்ணம். அந்தச் சொல் நிலைக்கவில்லை. ஆனால் ஒரு சமூகமே தன்னை என்ன பெயரால் அழைப்பது என்று தேடியபோது இந்தப் பெயர் கைக்கு எட்டியிருக்கிறது.

14 ஏப்ரல்

அப்படியானால் இது கறுப்பின மக்களின் பெயரா, நாம் எடுக்கலாமா என்று ஒரு சகோதரி கேட்கிறார். தாராளமாக எடுக்கலாம். துருக்கியிலும் பாகிஸ்தானிலும் போஸ்னியாவிலும் இந்தப் பெயர் சர்வ சாதாரணம். முஸைனா கோத்திரத்து பிலாலையும் ஜரீரின் மகனையும் மேலே சொல்லியிருக்கிறேன், 17 பிப்ரவரி, 9 மார்ச் குறிப்புகளைப் பாருங்கள்.

20 ஏப்ரல்

மாமி கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார், 'அப்துல் பிலால்' என்று நீட்டி வைத்தால் சம்மதம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது மட்டும் கூடாது. அப்த் என்ற சொல்லை இறைவனுடைய பெயர்களோடுதான் சேர்க்க வேண்டும். அப்துல் பிலால் என்றால் பிலாலின் அடிமை என்றாகிவிடும். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஒருவர் பெயரில் இன்னோர் அடிமையை உண்டாக்க வேண்டாம். நீட்டித்தான் வைக்க வேண்டும் என்றால் முஹம்மது பிலால் என்று வையுங்கள், அல்லது தந்தை பெயரைப் பின்னால் சேருங்கள்.

தமிழில் பிலால் என்று எழுதினால் போதும், பிலாளும் வேண்டாம், பில்லாலும் வேண்டாம். ஆங்கிலத்தில் நடுவில் ஒரே ஒரு 'எல்'. சிலர் இரண்டு 'ஏ' போடுகிறார்கள், ஒன்று போதும். எப்படி எழுதினாலும் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடம், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அதே எழுத்துகள் இருக்கட்டும். மருத்துவமனையில் அவசரப்படுத்தினால் பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதிவு செய்யலாம். ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது. ஆகவே மாமி முழு மனதோடு சம்மதிக்கும்வரை பொறுத்திருங்கள்.